கிணற்றடி விற்ற வருஷம்

முதல் பத்துப் பக்கத்தைத் தாண்ட எங்களுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.

நாங்கள் நான்கு பேர். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகத்தில் முகம் பார்த்துப் பழகியவர்கள். தங்கவயலில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற சார் ஒருவர். சிறப்புப் பள்ளியில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கும் அக்கா ஒருவர். சேலத்திலிருந்து வந்து ஐடி கம்பெனியில் இருக்கும் தம்பி. அப்புறம் வங்கியில் வேலை செய்யும் நான். ஞாயிறு காலை எங்கள் வீட்டு மாடியில் கூடுவோம். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் கேட்போம். அந்த முறை எடுத்தது வில்லியம் ஃபாக்னரின் ‘தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி’. நான்கு பேருமே அதை முன்பு ஒருதடவை தொடங்கிவிட்டுக் கீழே வைத்தவர்கள். சேர்ந்து படித்தால் முடித்துவிடலாம் என்றான் தம்பி.

முடித்தோம், எட்டு மாதத்தில். அந்த எட்டு மாதத்துக்குள் எங்கள் குடும்பத்துப் பழைய கதை ஒன்றும் தலைகீழாகத் திரும்பியது. இரண்டையும் என்னால் பிரித்து நினைக்க முடியவில்லை. அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

நாவலைப் பற்றிச் சுருக்கமாக. 1929-ல் வெளிவந்தது. அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஃபாக்னர் கற்பனையாக உண்டாக்கிய ஜெஃபர்சன் என்ற ஊர். அங்கே ஒரு காலத்தில் கவர்னரும் ஜெனரலும் இருந்த காம்சன் குடும்பம். நிலம் துண்டு துண்டாகப் போய், பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சிதறி, வீடு இருட்டடிக்கிறது. நான்கு பகுதி, ஒவ்வொன்றும் ஒரு நாள். முதல் பகுதி 1928 ஏப்ரல் 7. இரண்டாவது 1910 ஜூன் 2. மூன்றாவது மறுபடி 1928-க்கு வந்து ஏப்ரல் 6. கடைசி ஏப்ரல் 8, ஈஸ்டர் ஞாயிறு. முதல் மூன்றையும் சொல்கிறவர்கள் மூன்று சகோதரர்கள். முதல் பகுதி கடைக்குட்டி பெஞ்சியுடையது, இரண்டாவது மூத்தவன் க்வென்டினுடையது, மூன்றாவது நடுவில் பிறந்த ஜேசனுடையது. இவர்களோடு பிறந்தவள் கேடி. க்வென்டினுக்குத் தங்கை, மற்ற இருவருக்கும் அக்கா. அவளுக்குத் தனிப் பகுதி கிடையாது. தமிழில் ‘கேடி’ என்றால் வேறு பொருள் வந்துவிடுகிறது. அது மனதில் ஒட்டக் கூடாது என்று நாங்கள் ‘கேடி அக்கா’ என்றே படித்தோம். அப்படிப் படிக்கத் தொடங்கியதுமே பெஞ்சியின் அழுகை எங்களுக்கு நெருங்கி வந்துவிட்டது.

மூன்று ஞாயிறு ஏன் ஆனது என்று சொல்கிறேன். ஃபாக்னர் 1962-ல் இறந்தார். நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் காப்புரிமை முடிந்துவிடும். அதனால் தம்பி எங்கிருந்தோ ஒரு கோப்பை இறக்கி, நாலு பிரதி அச்செடுத்து, ஸ்பைரல் போட்டுக் கொண்டுவந்தான். பெஞ்சிக்கு அன்று 33 வயது. பேச்சு வராது. நேற்று, இன்று என்ற பிரிவு அவனுக்குள் இல்லை. ஒரு வரியில் 1928, அடுத்த வரியில் சின்ன வயசு. அந்தத் தாவலைக் காட்ட ஃபாக்னர் சாய்வெழுத்து வைத்திருக்கிறார். எங்கள் அச்சுப்பிரதியில் சாய்வெழுத்து எல்லாம் நேராகிப் போயிருந்தது. இருந்த ஒரே கைகாட்டியும் இல்லாமல் நாங்கள் மூன்று வாரம் சுற்றி வந்தோம். சார் தன் பழைய புத்தகத்தை எடுத்துவந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஆகவே படிக்க நினைக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: கையில் இருக்கும் பதிப்பில் சாய்வெழுத்து இருக்கிறதா?

அதே சார்தான் முதல் பக்கத்தையும் திறந்து வைத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் சிலர் பந்தடிக்கிறார்கள். ‘கேடி’ என்று யாரோ கூப்பிடுகிறார்கள். இந்தப் பக்கம் பெஞ்சி முனகி அழ ஆரம்பிக்கிறான். எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “எங்க ஊர்ல மைன்ஸ்காரங்க கிளப்புல கால்ஃப் மைதானம் உண்டும்மா. பந்துப் பையைத் தூக்கிட்டுப் போற பையனுக்குக் கேடின்னு பேரு,” என்றார் சார். அவ்வளவுதான். அந்த மைதானம் முன்பு பெஞ்சி விளையாடிய புல்வெளி. க்வென்டினை ஹார்வர்டில் படிக்க வைக்க அதை விற்றார்கள். இப்போது அங்கிருந்து யாரோ பையனைக் கூப்பிடும் சத்தம் பெஞ்சியின் காதில் அக்காவின் பெயராக விழுகிறது. அக்காவோ வீட்டை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. விற்றுப்போன நிலம், போய்விட்ட அக்கா, குடும்பத்தின் சரிவு எல்லாம் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. பெஞ்சி இதை விளக்கமாட்டான். விளக்க அவனால் முடியாது.

“இவன் பொய் சொல்றவன் கிடையாது,” என்றார் சிறப்புப் பள்ளி அக்கா. “பாத்ததைப் பாத்தபடி சொல்றான். ஏன்னு மட்டும் சொல்ல மாட்டான். நம்ப முடியாத கதைசொல்லின்னா பொய் சொல்றவன்னு நினைக்காதீங்க. காரணத்தைச் சொல்லத் தெரியாதவனும் அதுல சேத்தி.”

பெஞ்சியின் காலத்தைக் கண்டுபிடிக்கும் வழியையும் அவர்தான் சொன்னார். எந்த வருஷம் என்று தேடாதே, அவனைப் பார்த்துக்கொள்ள அவனோடு எந்தப் பையன் இருக்கிறான் என்று பார். வெர்ஷ் கூட இருந்தால் பெஞ்சி சின்னப் பையன். டி.பி. இருந்தால் வளர்ந்துவரும் வயசு. லஸ்டர் இருந்தால் 1928. “எங்க பிள்ளைங்களும் காலத்தை அப்படித்தான் வெச்சிருக்காங்க. இந்த ஆயாம்மா இருந்தப்போ, அந்த ஆயாம்மா வந்தப்புறம். அவங்களுக்கு அதுதான் காலண்டர்,” என்றார். பல வழிகாட்டிகளில் இந்தக் குறிப்பு இருக்கும். ஆனால் தினமும் அப்படிப்பட்ட பிள்ளைகளோடு இருக்கிறவர் வாயிலிருந்து வந்தபோதுதான் அது வெறும் துப்பாக இல்லாமல் ஒரு மனிதனின் வாழ்க்கையாகத் தெரிந்தது.

தாவல் நடக்கும் இடங்களில் எப்போதும் ஏதோ ஒரு கொக்கி இருக்கும். முதல் கொக்கி ஓர் ஆணி. வேலியில் நுழையும்போது பெஞ்சியின் துணி ஆணியில் மாட்டுகிறது, லஸ்டர் அலுத்துக்கொள்கிறான். அடுத்த வரியில் அதே ஆணியிலிருந்து துணியை எடுத்துவிடுவது கேடி. காலம் பல வருஷம் பின்னால், கிறிஸ்துமஸ் சமயத்துக் குளிரில். எங்கே குழப்பம் வந்தாலும் முந்தைய இரண்டு வரியில் ஒரு வாசனையோ குளிரோ சொல்லோ தொடுகையோ இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். எனக்கு இது புரிந்த நாளில் எங்கள் பழைய வீட்டு மதில் ஞாபகம் வந்தது. எனக்கு அப்போது ஐந்து வயது. யார் கட்டினார்கள், ஏன் கட்டினார்கள் எதுவும் தெரியாது. ஈர சிமென்ட் வாசனை வந்தால் போதும், இன்றைக்கும் அங்கே போய் நிற்பேன்.

பெயர்க் குழப்பத்தைப் பற்றி நிறையப் பேர் புலம்புவார்கள். க்வென்டின் இரண்டு பேர், ஒருவன் மாமன், இன்னொருத்தி அவன் தங்கை மகள். ஜேசனும் இரண்டு, அப்பாவும் மகனும். நமக்கு இது பெரிய சிக்கலாக இருக்கக் கூடாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டு, பெரியவர் பெயரைச் சொல்லக் கூடாது என்று குழந்தையை வேறு ஏதோ பெயரில் கூப்பிடும் ஊர் நம்முடையது. பெஞ்சிக்கு முதலில் வைத்த பெயர் மோரி, அம்மாவின் சகோதரன் பெயர், அதாவது தாய்மாமன் பெயர். பிள்ளை இப்படி என்று தெரிந்ததும் அம்மா அந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைக்கிறாள். தன் பிறந்த வீட்டுக்கு அந்தப் பெயரால் இழுக்கு வந்துவிடும் என்று பயம். ஆங்கிலத்தில் படித்தபோது இதைத் தாண்டிப் போயிருந்தேன். ‘தாய்மாமன் பேரைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள்’ என்று தமிழில் சொல்லிப் பார்த்தபோது சார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். கடினமான இடத்தை உறவுமுறை வைத்துத் தமிழில் சொல்லிப் பாருங்கள். யார் யாரை என்ன செய்கிறார்கள் என்பது பளிச்சென்று தெரியும்.

வண்ணம் தீட்டியும் பார்த்தோம். தம்பி ஸ்கெட்ச் பேனா வாங்கி வந்தான், காலத்துக்கு ஒரு நிறம். ஃபாக்னருக்கே அந்த ஆசை இருந்திருக்கிறது, பெஞ்சியின் பகுதியைப் பல நிற மையில் அச்சிட வேண்டும் என்று. அவர் காலத்துப் பதிப்புத் தொழிலில் அது நடக்கவில்லை. 2012-ல் லண்டனில் ஃபோலியோ சொசைட்டி 14 நிறத்தில் அப்படி ஒரு பதிப்பு போட்டது. நாங்கள் ஆறு நிறத்தோடு நிறுத்தினோம். பிறகு பச்சையை மட்டும், அதாவது பாட்டி செத்துப்போன இரவை மட்டும், தொடர்ச்சியாகப் படித்தோம். கேடி சேறான உள்ளாடையோடு மரத்தில் ஏறி ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க, கீழே நிற்கும் சகோதரர்கள் அந்தச் சேற்றைப் பார்க்கும் இரவு அது. இந்த ஒரு படத்திலிருந்துதான் நாவல் முளைத்தது என்று ஃபாக்னர் சொல்லியிருக்கிறார். தனியாகப் பிரித்தபோது அதில் உயிர் இல்லை. அந்த மரத்துக்குப் பக்கத்தில் கேடியின் கல்யாணம் வர வேண்டும், 1928-ல் கேடியின் மகள் அதே வீட்டு ஜன்னலிலிருந்து மரத்தில் இறங்கிப் போவது வர வேண்டும். அப்போதுதான் வலிக்கிறது. ஆகவே நிறம் தீட்டுவதானால் ஒருமுறை முழுதாகக் கேட்டு முடித்த பிறகு செய்யுங்கள். கால அட்டவணையும் அப்படியே. சில பதிப்புகளில் ‘காம்சன், 1699–1945’ என்று ஓர் இணைப்பு இருக்கும். அது நாவல் வந்து பல வருஷம் கழித்து எழுதி, 1946-ல் வெளிவந்தது. எல்லார் கதையையும் வரிசையாகச் சொல்லிவிடும், சில விவரங்கள் நாவலோடு ஒத்தும் போகாது. கடைசியில் படித்தால் போதும்.

இந்தச் சமயத்தில்தான் வீட்டு விஷயம் வந்தது. அல்சூரில் தாத்தாவுக்கு ஒரு வீடு இருந்தது. முன்கட்டு, பின்கட்டு, நடுவில் முற்றம், பின்கட்டுக்குப் பின்னால் கிணறும் இரண்டு தென்னையும். தாத்தா மரக்கடை வைத்திருந்தார். பின்கட்டும் கிணற்றடியும் எப்போதோ விற்றாயிற்று. முன்கட்டில் சின்ன மாமா இருந்தார். இப்போது அதையும் கொடுத்துவிட்டு மகளோடு போய் இருக்கலாம் என்று முடிவு செய்தார். பழைய வில்லங்கச் சான்று வேண்டும் என்றார் வக்கீல். இங்கே எல்லாரும் ஈசி என்றுதான் சொல்வார்கள். அதற்கு விண்ணப்பிக்க, பின்கட்டு எந்த வருஷம் விற்றது என்று தெரிய வேண்டும். நான்தான் வங்கியில் வேலை செய்கிறவள், காகிதம் என்றால் என்னிடம் வந்துவிடும். சரி என்று ஒவ்வொருவரையும் கேட்டேன்.

“திருவள்ளுவர் சிலையை மூடி வெச்சிருந்தாங்களே, அப்போ,” என்றாள் அம்மா. பெரிய மாமா கடைக்குப் பணம் வேணும்னு நின்றான், அதற்காக விற்றோம் என்றாள். அல்சூர் ஏரிக்கரைச் சிலையை 1991-ல் நிறுத்தினார்கள். மூடியபடியே 18 வருஷம் நின்று 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். அம்மா சொன்ன ‘அப்போ’ என்பது 18 வருஷம்.

பெரிய மாமா தெளிவாகச் சொன்னார். “கலாட்டாவுக்கு முன்னாடி. உங்கம்மா கல்யாணக் கடன் நின்னுது, அதை அடைச்சோம். மிச்சத்தைக் கடையில போட்டேன். கலாட்டாவுல கடை போச்சு.” கலாட்டா என்றால் 1991 டிசம்பர், காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி இங்கே தமிழர்கள் அடிபட்ட நாட்கள். மாமாவின் கடை ஷட்டரை உடைத்து உள்ளே இருந்த மரத்துக்குத் தீ வைத்தது உண்மை. அம்மா இன்றும் அந்தப் புகையைப் பற்றிப் பேசுவாள்.

சின்ன மாமாவோ, “அப்பா இருக்கும்போதே அவரே வித்துட்டார். நாங்க யாரும் அதுல கை வைக்கல,” என்றார்.

மூன்று பேரும் என்னிடம் அன்பாக இருப்பவர்கள். மூன்று பேரும் சத்தியமாக நம்பித்தான் சொன்னார்கள். அந்த வாரம் க்வென்டின் பகுதியைத் தொடங்கினோம்.

க்வென்டினைப் படிப்பதற்கு எங்களுக்குக் கைகொடுத்த முறை ஒன்றே ஒன்று. அன்றைய நாளில் அவன் உடம்பு என்ன செய்கிறது என்று மட்டும் தனியாக எழுதிக்கொண்டோம். காலையில் எழுகிறான். அப்பா கொடுத்த, தாத்தாவின் பைக்கடியாரத்தின் கண்ணாடியை உடைத்து முள்ளைப் பிய்க்கிறான், அது அப்படியும் ஓடிக்கொண்டே இருக்கிறது. கடியாரக் கடைக்குப் போய், ஜன்னலில் இருக்கும் கடியாரங்களில் ஏதாவது சரியாக ஓடுகிறதா என்று கேட்கிறான், ஆனால் மணி என்ன என்று சொல்லாதே என்கிறான். டிராமில் போகிறான். வழி தவறிய ஒரு சின்னப் பெண் பின்னாலேயே வருகிறது. ஓர் அடிதடி. அறைக்குத் திரும்பித் துணியைச் சுத்தம் செய்கிறான். இந்த எலும்புக்கூடு கையில் இருந்தால், மற்றதெல்லாம் நினைவு என்று தெரிந்துவிடும். அன்றோடு வாழ்க்கையை முடித்துக்கொள்ளப் போகிறான் என்பதை அவன் நேராகச் சொல்வதே இல்லை. அவன் பகுதி அதற்கு முன்பே நின்றுவிடுகிறது.

அவனும் பொய்யன் இல்லை. ஆனால் நடந்ததற்குப் பதிலாக வேறொன்று நடந்திருக்க வேண்டும் என்று அவனுக்கு அவ்வளவு வேட்கை. தங்கையின் பழியைத் தன் பழியாக்கிக்கொள்ள, செய்யாத பாவத்தைச் செய்ததாக அப்பாவிடம் சொல்கிறான். அந்தப் பேச்சாவது நடந்ததா, மனதுக்குள் நடத்திப் பார்த்தானா என்பதையும் நாவல் உறுதியாகச் சொல்வதில்லை. சின்ன மாமாவின் ‘அப்பா அவரே வித்துட்டார்’ எனக்கு இங்கேதான் வேறு மாதிரி கேட்டது. அப்பா கையால் விற்றிருந்தால் பிள்ளைகள் மீது பழி இல்லை. அப்படி இருந்திருக்க வேண்டும் என்ற ஆசை முப்பது வருஷத்தில் ஞாபகமாகிவிட்டது.

ஜேசன் பகுதிக்கு வந்ததும் எல்லோரும் மூச்சு விட்டோம். வாக்கியம் நேராக இருக்கிறது, நாள் காலையிலிருந்து மாலைக்குப் போகிறது, பணம், கடை, வம்பு எல்லாம் புரிகிறது. நாங்கள் மிக மோசமாக ஏமாந்த இடம் இதுதான். நடை எளிதாகும் இடத்தில்தான் விழிப்பு வேண்டும். சொல்கிறவன் தன் கட்சியைச் சேர்ந்தவனாக நம்மை ஆக்கிவிடுகிறான். வீட்டுச் சுமை முழுதும் என் தலையில், எல்லாருக்கும் நான் சோறு போடுகிறேன் என்று அவன் சொல்லிக்கொண்டே இருக்க, தம்பி பாதியில், “பாவம்க்கா இவன்,” என்றான்.

நான் என் தொழில் புத்தியில் வரவு, செலவு என்று இரண்டு பத்தி போட்டேன். கேடி தன் மகளுக்காக மாதாமாதம் காசோலை அனுப்புகிறாள். ஒழுக்கம் கெட்டவள் பணம் வேண்டாம் என்று ஜேசனின் அம்மா ஒவ்வொன்றையும் தீயில் போட்டு எரிக்கிறாள். எரிவது ஜேசன் தயாரித்துக் கொடுக்கும் போலிக் காசோலை, உண்மையானதை அவன் மாற்றிக்கொள்கிறான். கேடி மகள் பேருக்கு 50 டாலர் மணியார்டர் வந்தால் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு 10 டாலரைக் கையில் திணிக்கிறான். எதையும் அவன் மறைக்கவில்லை, எல்லாம் அவன் வாயாலேயே வருகிறது. தன்மீது தவறில்லை என்ற குரலில் வருவதால் நம் காதில் ஏறுவதில்லை. அவன் சேர்த்த பெட்டியை அந்த மகள் உடைத்துக்கொண்டு போனதும், திருடியது யாருடைய பணம் என்று ஷெரீஃபுக்கே சந்தேகம் வருகிறது. அவள் போன இரவில் மரம் அசைந்ததை முதல் பகுதியிலேயே பெஞ்சி பார்த்திருக்கிறான். நாமும் பார்த்தோம், என்னவென்று தெரியாமல்.

இதைப் படித்த இரவு பெரிய மாமாவை நினைத்துத் தூக்கம் வரவில்லை. கலாட்டாவுக்கு முன்பு விற்றால் பணம் கடையில் போனது என்ற கணக்கு நேராகும். பின்பு விற்றிருந்தால்?

நான்காவது பகுதியை யாரும் ‘நான்’ என்று சொல்வதில்லை. வீட்டுக்கு உழைத்து ஓய்ந்த கறுப்பினப் பெண்மணி டில்சியின் கூடவே கதை போகிறது. அவளுக்கும் தன் குரலில் ஒரு பகுதி இல்லை என்பது எனக்கு இன்றுவரை குறைதான். சாரும் அதையே சொன்னார். அந்த வீட்டை முழுதாகப் பார்த்தவள் அவள், அவளைப் பார்க்கவிட்ட ஃபாக்னர் பேசவிடவில்லை. ஆனாலும் அங்கே ஓர் இடம் இருக்கிறது. அடுப்படியில் ஒரு சுவர்க் கடியாரம், ஒரே முள். அது ஐந்து அடிக்கிறது. டில்சி எட்டு மணி என்கிறாள். சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறாள்.

“கடியாரத்தை இவ திருத்தவும் இல்ல, தூக்கியும் போடல. எவ்வளவு தப்பா ஓடுதுன்னு இவளுக்குத் தெரியும். அது தெரிஞ்சா போதும், மணி சரியா வந்துடும்,” என்றார் அக்கா.

எட்டு மாதத்தில் நான் கேட்டதிலேயே எனக்கு அதிகம் உதவியது இந்த வார்த்தைதான். அதுவரை நான் மூன்று சகோதரர்களில் யார் சொல்வது உண்மை என்று தேடிக்கொண்டிருந்தேன், மாமாக்களிடமும் அதையே தேடினேன். அப்படித் தேடினால் நாவல் விடுகதையாகிவிடுகிறது, மனிதர்கள் குற்றவாளிகளாகிவிடுகிறார்கள். ஒவ்வொருவரும் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் விலகி ஓடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெஞ்சி காரணத்தை விடுகிறான். க்வென்டின் ஆசையைச் சேர்க்கிறான். ஜேசன் தன் பங்கைக் கழிக்கிறான். அந்த விலகலைத் தெரிந்துகொண்டு மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தோம். இரண்டாம் முறை பெஞ்சி பகுதி ஆறே வாரத்தில் முடிந்தது. அழுதுகொண்டே படித்த இடங்கள் அதில் உண்டு.

வில்லங்கச் சான்று அந்த இரண்டாம் வாசிப்பின் நடுவில் கைக்கு வந்தது. கன்னடத்தில் இருந்தது, நான் கன்னடம் படிப்பேன். பதிவு 1993 ஜூன். தாத்தா 1992-லேயே போய்விட்டார். கலாட்டா முடிந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அம்மாவின் சிலைக் கணக்கு மட்டும் தப்பவில்லை, 18 வருஷ வலையில் எதுதான் தப்பும். சின்ன மாமா அப்பாவைக் காப்பாற்றப் போய்த் தன்னைக் காப்பாற்றிக்கொண்டார். பெரிய மாமாவின் பணம் கலாட்டாவில் போகவில்லை. கடையை மறுபடி எழுப்ப முயன்று அதிலேதான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அதைத் தோல்வி என்று ஒப்புக்கொள்வதைவிட, எரித்தவர்கள் கொண்டுபோனார்கள் என்பது அவருக்குத் தாங்கக்கூடியதாக இருந்திருக்கிறது. அவரிடம் இதைக் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

தேதியைவிட வேறொன்றில்தான் என் கண் நின்றது. எழுதிக்கொடுத்தவர்கள் என்ற இடத்தில் ஐந்து பெயர். பாட்டி, பெரிய மாமா, அம்மா, சின்ன மாமா. ஐந்தாவது சித்தி.

சித்தி 1988-ல் வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு மும்பைக்குப் போனவள். அதன்பிறகு பல வருஷம் போக்குவரத்து இல்லை என்பதுதான் நான் கேட்டு வளர்ந்த கதை. பாட்டி சாவுக்குக்கூட அவள் வரவில்லை என்பார்கள். விற்ற கதையை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள், ஆண்டு மாறியது, காரணம் மாறியது, விற்ற கையே மாறியது. ஒன்று மட்டும் மாறவில்லை, மூன்றிலும் சித்தி இல்லை. காம்சன் வீட்டில் மூன்று சகோதரர்களும் கேடி இல்லாமல் ஒரு பக்கம் பேச முடியாமல் தவிக்கிறார்கள். எங்கள் வீட்டில் அவளை விட்டுவிட்டு முழுக் கதையையும் சொல்ல முடிந்திருக்கிறது. கதைகள் முரண்படும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்த நான், எல்லாக் கதையும் சேர்ந்து மௌனமாகும் இடத்தைக் கவனிக்கவே இல்லை. நாவலையும் இனி இப்படித்தான் படிப்பேன். எதில் சண்டை என்பதோடு, எதை யாருமே சொல்லவில்லை என்றும் ஒரு பத்தி போட்டுக்கொள்வேன்.

அம்மாவிடம் காகிதத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். அம்மாவுக்குக் கன்னட எழுத்து தெரியாது. நான் விரல் வைத்து ஐந்து பெயரையும் படித்தேன். ஐந்தாவது வந்ததும், “வந்தா,” என்றாள். “அன்னிக்கே போயிட்டா.” அப்புறம் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

சித்தியின் எண் என்னிடம் இருந்தது. பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புவதோடு சரி. கூப்பிட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். மனதுக்குள், அவளுடைய பகுதி இப்போது கிடைத்துவிடும் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. கேடியைப் பற்றி ஏன் அவள் வாயால் சொல்லவைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு, சொல்லவைத்துச் சுருக்கிவிட முடியாத அளவுக்கு அவள் தனக்கு அருமையானவள் என்ற பொருளில் ஃபாக்னர் பதில் சொல்லியிருக்கிறார். படித்தபோது அது எனக்குச் சாக்காகத் தோன்றியது.

“ஆமா, வந்தேன்,” என்றாள் சித்தி. “கையெழுத்து வேணும்னு உங்க பாட்டி லெட்டர் போட்டா. வந்தேன், போட்டேன், ராத்திரி ரயில் ஏறிட்டேன்.”

“வீட்டுக்கு வரலையா சித்தி?”

“அதெல்லாம் எதுக்கு கண்ணு இப்போ.”

கோபமாகச் சொல்லவில்லை. அவளுடைய பேரன் பள்ளிக்கூட வேன் வரும் நேரம், பின்னால் அவன் சத்தம் கேட்டது. நான் வேறு எதுவும் கேட்கவில்லை. வைத்துவிடுவாள் என்று நினைத்தபோது அவளே கேட்டாள்.

“கிணத்தை மூடிட்டாங்களா?”

“மூடிட்டாங்க சித்தி. மேல வீடு கட்டியாச்சு.”

“எப்போ?”

எனக்குத் தெரியவில்லை. மதில் கட்டியது ஞாபகம் இருக்கிறது, எனக்கு அப்போது ஐந்து வயது, சிமென்ட் ஈரமாக இருந்தது என்றேன். “அந்த மதிலா,” என்றாள். அதற்குள் வேன் ஹாரன் அடித்தது.